எப்போதும் பின்பக்கத்திலேயே தொடங்கிய விரிசல்: வெளிநாட்டில் ஒரு பொறியியல் ஆய்வு மாணவியின் நான்கரை ஆண்டுகள்

இந்தப் பதிவில் வரும் மாணவியின் முனைவர் பட்ட ஆய்வுக்கு நான் இணை நெறியாளராக இருந்தேன். அவருடைய ஒப்புதலோடுதான் இதை எழுதுகிறேன். எழுதி முடித்ததும் அவர் படித்துப் பார்த்து இரண்டு இடங்களைத் திருத்தினார். ஆளையோ இடத்தையோ காட்டிக்கொடுக்கும் விவரங்களை விட்டுவிட்டேன். ஆய்வு தொடர்பான எதையும் விடவில்லை.

பின்னணி

மாணவி தன் நாட்டில் இயந்திரப் பொறியியலில் முதுகலைப் பட்டம் பெற்று, முழு உதவித்தொகையுடன் முனைவர் பட்ட ஆய்வுக்கு வந்தார். கணக்கீட்டில் மிகவும் வலுவானவர். ஆனால் அவர் படித்த இடத்தில் சோதனை இயந்திரங்களை மாணவர்கள் தள்ளி நின்று பார்க்கத்தான் முடியும், தனியாக இயக்க அனுமதி கிடையாது. எங்கள் ஆய்வகத்திலோ பயிற்சி முடிந்த இரண்டாவது மாதத்திலேயே சாவியைக் கையில் கொடுத்துவிடுவோம்.

பின்னால் நடந்தவற்றுக்கு மூன்று நிபந்தனைகள் அடித்தளமாக இருந்தன. உதவித்தொகை 48 மாதங்களுக்கு மட்டுமே. 12ஆம் மாதத்தில் ஒரு முன்னேற்ற ஆய்வுக்குழு கூடும், அது ஏற்றால்தான் பதிவு தொடரும். பதிவு தொடர்ந்தால்தான் விசா தொடரும். உள்ளூர் மாணவருக்கு 12ஆம் மாதக் கூட்டம் ஒரு தேர்வு. இவருக்கு அது அந்த நாட்டில் தங்கியிருக்க முடியுமா என்ற கேள்வி. இந்த வித்தியாசம் எங்களுக்குத் தெரியாத ஒன்றல்ல. அதன் கனத்தை நாங்கள் உணரவில்லை என்பதே உண்மை.

ஆய்வுப் பொருள் உலோகச் சோர்வு. ஓர் உலோகம் ஒரே இழுப்பில் தாங்கும் சுமையைவிட மிகக் குறைந்த சுமையிலும், அது லட்சக்கணக்கான முறை திரும்பத் திரும்ப வந்தால் முறிந்துவிடும். 1842இல் பிரான்சின் வெர்சாய் அருகே ரயில் எஞ்சினின் அச்சு முறிந்து பலர் உயிரிழந்த பிறகுதான் இது பொறியாளர்களின் பெருங்கவலையாக மாறியது. ரயில் அச்சுகளை ஆண்டுக்கணக்கில் சுழற்றிச் சோதித்து, சுமைக்கும் ஆயுளுக்கும் உள்ள உறவை முறையாக வகுத்தவர் ஜெர்மானியப் பொறியாளர் ஆகஸ்ட் வோலர். மாணவி எடுத்துக்கொண்டது இதன் புதிய கிளை: லேசரால் தூளை அடுக்கடுக்காக உருக்கி அச்சிடப்படும் டைட்டானியம் உலோகக்கலவை. 6 சதவீதம் அலுமினியம், 4 சதவீதம் வனேடியம் கொண்ட இந்தக் கலவை விமானப் பாகங்களிலும் எலும்பு உள்வைப்புகளிலும் பயன்படுகிறது. ஒவ்வோர் அடுக்கும் சில பத்து மைக்ரான் தடிமன்தான். அடுக்குகள் முழுதாக இணையாத இடங்களில் நுண்ணிய துளைகள் தங்கிவிடும். விரிசல் அங்கே தொடங்கும். துளையின் அளவு, வடிவம், மேற்பரப்பிலிருந்து அதன் தூரம் ஆகியவற்றில் எது ஆயுளைத் தீர்மானிக்கிறது என்பதே ஆய்வுக் கேள்வி.

முதல் எட்டு மாதங்கள்

ஒரே அச்சுத் தட்டில் 40 கம்பிகள் அச்சிடப்பட்டன. அவற்றைக் கடைந்து, நடுப்பகுதி 6 மில்லிமீட்டர் விட்டம் கொண்ட சோதனைத் துண்டுகளாக மாற்றினோம். கடைந்த பிறகு எந்தப் பக்கம் அச்சுத் தட்டில் எந்தத் திசையை நோக்கி இருந்தது என்பது தெரியாமல் போய்விடும். அதனால் ஒவ்வொரு துண்டின் முனையிலும் ஒரு சிறு புள்ளி குத்த வேண்டும் என்று மாணவியே கேட்டு வாங்கினார். அச்சிடும் அறைக்குள் ஆர்கான் வாயு நுழைகிற பக்கத்தைப் புள்ளி குறித்தது. அவருடைய கவனத்துக்கு இது நல்ல சான்று. பின்னால் எங்களைக் காப்பாற்றியதும் இந்தப் புள்ளிதான்.

சோர்வுச் சோதனை பொறுமையைச் சோதிக்கும் வேலை. வினாடிக்கு 20 சுழற்சி (ஒருமுறை இழுத்துத் தளர்த்துவது ஒரு சுழற்சி) வீதம் ஓட்டினால் பத்து லட்சம் சுழற்சிக்கு ஏறத்தாழ 14 மணி நேரம் ஆகும், ஒரு கோடிக்கு ஆறு நாள். இயந்திரத்தை வேறு இரண்டு பேரும் பயன்படுத்தினார்கள். 3ஆம் மாதம் தொடங்கி 10ஆம் மாதம் வரை 24 துண்டுகளை அவர் சோதித்தார்.

அந்தக் காலத்தில் வாராந்தரக் கூட்டத்தில் ஆறு பேர் அமர்வோம். ஒவ்வொருவரும் முடிந்த வேலையைக் காட்டுவார்கள். மாணவி அழகான வரைபடங்களோடு வருவார், கேட்ட கேள்விக்குச் சுருக்கமாகப் பதில் சொல்வார், வேறெதுவும் பேச மாட்டார். என் குறிப்பேட்டைப் பின்னால் புரட்டிப் பார்த்தேன். அடுத்தடுத்து மூன்று வாரங்கள் அவர் பெயருக்கு எதிரே "எல்லாம் சரியாகப் போகிறது" என்று எழுதியிருக்கிறேன். சோர்வுச் சோதனையில் மூன்று வாரம் எல்லாமே சரியாகப் போவது அரிது. அந்த வரியை எழுதும்போதே நான் நிமிர்ந்து பார்த்திருக்க வேண்டும்.

கவனித்தவை

மாணவியின் ஆய்வுக் குறிப்பேட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பக்கம். மேலே தேதி, அறை வெப்பநிலை, ஹைட்ராலிக் எண்ணெயின் வெப்பநிலை. கீழே பென்சிலால் ஒரு வட்டம், அது துண்டின் குறுக்குவெட்டு. வட்டத்தின் விளிம்பில் முனைப் புள்ளிக்கு ஒரு கரும்பொட்டு, விரிசல் தொடங்கிய இடத்துக்கு ஒரு சிறு குறுக்குக்கோடு. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் முறிவுப் பரப்பைப் பார்த்து, மீன் கண் போலத் தெரியும் தொடக்கப் புள்ளியைத் தேடிக் கண்டுபிடித்து இதை வரைவார். இருபத்து நான்கு வட்டங்களையும் ஒரே மேசையில் வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு குழந்தைகூடச் சொல்லிவிடும்: குறுக்குக்கோடு அநேகமாக எப்போதும் பொட்டுக்கு எதிர்ப்பக்கத்தில்.

24இல் மூன்று துண்டுகள் முறியாமல் ஒரு கோடிச் சுழற்சியைத் தாண்டின. முறிந்த 21இல் 19 துண்டுகளில் விரிசல் பொட்டுக்கு எதிர்ப்பக்கத்தில் தொடங்கியிருந்தது. மற்ற இரண்டிலும் வேறு பக்கத்தில் பெரிய துளை ஒன்று இருந்தது. ஆயுளும் இதே கலவைக்கு வெளியான முடிவுகளோடு ஒப்பிட்டால் குறைவாகவே இருந்தது.

9ஆம் மாதக் கூட்டத்தில் முதன்மை நெறியாளர் இதற்கு ஒரு விளக்கம் சொன்னார். லேசர் உருக்கும்போது தெறிக்கும் துகள்களை ஆர்கான் வாயு ஒரு பக்கமாக அடித்துச் செல்கிறது. வாயு வெளியேறும் பக்கத்தில் விழும் துகள்கள் அங்கே குறைகளை உண்டாக்குகின்றன. அதனால்தான் விரிசல் பொட்டுக்கு எதிர்ப்பக்கம் தொடங்குகிறது. கேட்க நன்றாக இருந்தது. தட்டின் வெவ்வேறு இடங்களில் உள்ள பாகங்கள் வாயு ஓட்டத்தால் வேறுபடும் என்பது முன்பே தெரிந்த விஷயம்தான். ஆனால் 6 மில்லிமீட்டர் கம்பி ஒன்றின் இரு பக்கங்களுக்கு இடையே, அதுவும் வெளிப்பரப்பைக் கடைந்து நீக்கிய பிறகு, இவ்வளவு தெளிவான வித்தியாசம் வருமா என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. முடிவு அழகாக இருந்ததால் கேள்வி எழவில்லை. இரண்டே வாரத்தில் ஒரு மாநாட்டுக்கு ஆய்வுச் சுருக்கம் அனுப்பினோம்.

14ஆம் துண்டின் பக்கத்தில், வட்டத்துக்கு அடியில், மாணவி தன் தாய்மொழியில் பென்சிலால் ஒரு வரி எழுதியிருந்தார். பின்னால் அவரே அதை எனக்கு மொழிபெயர்த்துச் சொன்னார்: "ஏன் எப்போதும் பின்பக்கம்? இயந்திரமா?" அந்த வரிக்கும் அது எங்கள் காதுக்கு வந்த நாளுக்கும் இடையே பதினொரு வாரங்கள் இருந்தன. ஆய்வுச் சுருக்கம் அனுப்பியதும் அந்த இடைவெளியில்தான்.

ஏன் சொல்லவில்லை

இதை அவரிடம் விசாரணை போலக் கேட்கவில்லை. ஓர் ஆண்டு கழித்து அவராகவே சொன்னார். இயந்திரத்தின் மீது அளவுத்திருத்தச் சான்றிதழ் ஒட்டியிருந்தது, அதன் தேதியும் செல்லுபடியாக இருந்தது. அதைச் சந்தேகிப்பது இருபது ஆண்டுகளாக அதைப் பராமரித்த டெக்னீஷியனைச் சந்தேகிப்பது போல அவருக்குப் பட்டது. பின்னர் வாயு ஓட்ட விளக்கத்தை நெறியாளரே சொல்லிவிட்டார், அதற்குப் பிறகு மறுத்துப் பேசும் துணிவு வரவில்லை. எல்லாவற்றுக்கும் மேலே 12ஆம் மாதக் கூட்டம் நெருங்கிக்கொண்டிருந்தது, கையில் இருந்த ஒரே தரவு அதுதான். "அந்தத் தரவு தவறு என்றால் எனக்கு அங்கே இருக்கக் காரணமே இல்லை என்று நினைத்தேன்" என்றார்.

இந்தக் காரணங்களில் எதையும் கூச்சம் என்றோ பண்பாட்டு வேறுபாடு என்றோ ஒதுக்கிவிட முடியாது. மூன்றுமே அவருடைய நிலையில் இருக்கும் யாருக்கும் நியாயமான கணக்குகள். அந்தக் கணக்கு அப்படி வரும்படி அமைத்து வைத்தது நாங்கள்.

திருப்பிப் பொருத்திய மூன்று துண்டுகள்

மாணவி ஒழுங்கானவர். ஒவ்வொரு துண்டையும் இயந்திரத்தில் பொருத்தும்போது, பார்க்க வசதியாக முனைப் புள்ளி தன்னை நோக்கி இருக்கும்படியே வைத்திருந்தார். 24 துண்டுகளும் அப்படித்தான். ஆக, பொட்டுக்கு எதிர்ப்பக்கம் என்பதும் இயந்திரத்தின் பின்பக்கம் என்பதும் ஒன்றாகவே இருந்தன. காரணம் உலோகத்தில் இருக்கிறதா, இயந்திரத்தில் இருக்கிறதா என்று அந்தத் தரவால் பிரித்துச் சொல்லவே முடியாது.

10ஆம் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, யாரிடமும் சொல்லாமல், 25ஆம் துண்டைப் புள்ளி பின்னால் பார்க்கும்படி திருப்பிப் பொருத்தினார். வாயு ஓட்டம் காரணம் என்றால் விரிசல் இப்போது முன்பக்கம் தொடங்க வேண்டும். அது பின்பக்கமே தொடங்கியது. 26ஐயும் 27ஐயும் அப்படியே திருப்பிப் பொருத்தினார். மூன்றிலும் ஒரே முடிவு. விரிசல் உலோகத்தோடு திரும்பவில்லை, இயந்திரத்தோடு நின்றுவிட்டது.

அடுத்த புதன்கிழமை ஒரு பிளாஸ்டிக் தட்டில் ஆறு பாதித் துண்டுகளை வைத்துக்கொண்டு என் அறை வாசலில் வந்து நின்றார். "நான் ஒன்று செய்துவிட்டேன், அனுமதி கேட்கவில்லை" என்றுதான் தொடங்கினார். துண்டுகளையும் குறிப்பேட்டையும் பார்க்க எனக்குப் பத்து நிமிடம் போதுமானதாக இருந்தது. "அனுமதி கேட்க வேண்டிய வேலை இல்லை இது. நாங்கள் செய்யச் சொல்லியிருக்க வேண்டிய வேலை" என்றேன். அவர் உட்கார்ந்தார். அதுவரை நின்றுகொண்டே இருந்தார்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

நெறியாளரிடம் யார் சொல்வது என்பது முதல் முடிவு. நான் சொன்னால் வேலை எளிதாக முடியும். ஆனால் கண்டுபிடிப்பு என் வாயிலிருந்து வந்தால் அது என்னுடையது போல ஆகிவிடும், மாணவியோ தவறு செய்து மாட்டிக்கொண்டவர் போலத் தோன்றுவார். அதனால் அவரே சொல்லட்டும், நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன் என்று தீர்மானித்தோம். அதற்கும் முன்னால் டெக்னீஷியனிடம் பேசினோம். கூட்டத்தில் திடீரென்று கேட்டு அவர் தற்காப்புக்குப் போய்விடக் கூடாது என்பது ஒரு காரணம். அவர் உதவியில்லாமல் காரணத்தைக் கண்டுபிடிக்க முடியாது என்பது அதைவிடப் பெரிய காரணம்.

டெக்னீஷியன் முதலில் சான்றிதழைக் காட்டினார். பிறகு தானே அதை மறுபடி படித்துவிட்டு, "இது விசைக்கு மட்டும்" என்றார். உண்மை அதுதான். அந்தச் சான்றிதழ், விசையை அளக்கும் பாகமான லோட் செல் சரியான விசையைக் காட்டுகிறதா என்பதற்கு மட்டுமே. துண்டின் இரு முனைகளையும் இறுக்கிப் பிடிக்கும் மேல் பிடிப்பானும் கீழ்ப் பிடிப்பானும் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா என்பது வேறு கேள்வி. அதற்குத் தனி நடைமுறை உண்டு: ஏஎஸ்டிஎம் இ1012, ஐஎஸ்ஓ 23788 ஆகிய தரநிலைகள் அதற்காகவே எழுதப்பட்டவை. எங்கள் ஆய்வகத்தில் அந்தச் சோதனை எப்போது கடைசியாக நடந்தது என்று யாருக்கும் நினைவில்லை.

மறுநாளே அளந்தோம். ஒரு துண்டின் நடுவில் 90 பாகை இடைவெளியில் நான்கு ஸ்ட்ரெய்ன் கேஜ்களை மாணவி ஒட்டினார். உலோகம் எவ்வளவு நீள்கிறது என்று அளக்கும், நகத்தைவிடச் சிறிய படலங்கள் அவை. பசை காய்வதற்குள் கை நடுங்கினால் கோணம் மாறிவிடும். மாணவி மூச்சை அடக்கிக்கொண்டு நான்கையும் ஒட்டி முடித்ததைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சோதனையில் பயன்படுத்திய 500 மெகாபாஸ்கல் தகைவுக்கு (தகைவு என்பது ஓர் அலகுப் பரப்பின் மீது விழும் விசை) விசையை ஏற்றியபோது அளவுகள் இப்படி வந்தன: முன்பக்கம் 3860 மைக்ரோ திரிபு (ஒரு மைக்ரோ திரிபு என்பது நீளத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு நீட்சி), பின்பக்கம் 4920, இடது 4370, வலது 4410. சராசரி 4390. நேராக இழுபட்டால் நான்கும் அந்தச் சராசரியை ஒட்டியே இருக்க வேண்டும். முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதி 530. அதாவது இழுப்போடு சேர்ந்து 12 சதவீத வளைவும் துண்டின் மீது விழுந்துகொண்டிருந்தது. இந்த வகைச் சோதனைக்கான ஏஎஸ்டிஎம் இ466 தரநிலை 5 சதவீதத்துக்கு மேல் அனுமதிப்பதில்லை.

12 சதவீதம் சிறியதாகத் தோன்றலாம். ஆனால் சோர்வில் தகைவு சற்றே கூடினாலும் ஆயுள் வெகுவாகக் குறையும்; கணிதத்தில் சொன்னால், தகைவின் உயர் அடுக்குக்குறிப்படி குறையும். அந்த அடுக்குக்குறி 8 என்று வைத்து, வளைவு முழுவதும் சுழற்சியோடு ஏறி இறங்குவதாகவும் கொண்டால், பின்பக்கத்தின் ஆயுள் ஏறத்தாழ 40 சதவீதமாகச் சுருங்கிவிடும்.

மேல் பிடிப்பானைக் கழற்றியபோது காரணம் தெரிந்தது. சில மாதங்களுக்கு முன் வேறொரு திட்டத்துக்காக அதைக் கழற்றி மறுபடி மாட்டியிருக்கிறார்கள். பதிவேட்டில் அதற்கான குறிப்பு இல்லை. இரண்டு பரப்புகள் சேரும் இடத்தில் ஓரமாக ஒரு மெல்லிய உலோகப் பிசிர் சிக்கியிருந்தது. கண்ணுக்குப் பட்டும் படாமலும் இருந்த அதை டெக்னீஷியன் நகத்தால் தடவித்தான் கண்டுபிடித்தார். அது பிடிப்பானை ஒரு பக்கமாகச் சாய்த்து வைத்திருந்தது.

தரவை என்ன செய்வது என்பதில்தான் நீண்ட விவாதம் நடந்தது. கணக்கு மூலம் திருத்திவிடலாம் என்று முதலில் எனக்கே தோன்றியது. மாணவி மறுத்தார். வளைவில் ஒரு பகுதி பிடிப்பானை இறுக்கும்போதே வந்து மாறாமல் நிற்பது, இன்னொரு பகுதி சுமையோடு கூடிக் குறைவது. முறிந்துபோன துண்டுகளில் எது எவ்வளவு என்று இனிப் பிரிக்க முடியாது. ஒவ்வொரு முறை இறுக்கும்போதும் அது கொஞ்சம் மாறியிருக்கவும் கூடும். "திருத்திய எண்ணை நான் நம்ப மாட்டேன். நான் நம்பாததை வேறொருவர் எப்படி நம்புவார்?" என்று கேட்டார். கூட்டத்தில் அவர் எங்களை மறுத்துப் பேசிய முதல் தடவை அது. 24 துண்டுகளின் ஆயுள் தரவை முதன்மை ஆய்விலிருந்து முழுவதுமாக நீக்கினோம். விரிசல் தொடங்கிய இடங்களின் தரவை மட்டும், வளைவின் விளைவைக் காட்டும் தனிச் சான்றாக வைத்துக்கொண்டோம்.

நெறியாளர் கேட்டுவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "எத்தனை துண்டுகள் மீதி இருக்கின்றன?" என்று கேட்டார். ஒன்றைக் கேஜ் ஒட்டப் பயன்படுத்தியதால் பன்னிரண்டு. அன்று மாலையே ஆய்வுச் சுருக்கத்தைத் திரும்பப் பெறும் கடிதத்தை அவர் பெயரிலேயே அனுப்பினார். மாணவியின் பெயரில் அனுப்பாதது அவர் எடுத்த முடிவு. அதை நான் இன்றும் மதிக்கிறேன்.

12ஆம் மாதக் கூட்டம்

மாணவி மூன்று வாரம் தூங்கவில்லை என்று பின்னால் தெரிந்தது. ஆய்வுக்குழுவுக்கு முன்னால் வட்டங்கள் வரைந்த குறிப்பேட்டுப் பக்கங்களை அப்படியே படமெடுத்துக் காட்டினார். சந்தேகம் எப்போது வந்தது, எப்படிச் சோதித்தார், என்ன அளந்தார், எதை நீக்கினார், மீதிக் காலத்துக்கு என்ன திட்டம் என்று சொன்னார். குழுவில் ஒருவர், "பென்சில் வரிக்கும் மூன்று துண்டுகளுக்கும் இடையே ஏன் இத்தனை வாரம்?" என்று கேட்டார். மாணவி பதில் தேடிக்கொண்டிருந்தபோது நெறியாளர் குறுக்கிட்டு, "அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்ல வேண்டும்" என்றார். திருத்திய திட்டத்தை ஒரு மாதத்துக்குள் தர வேண்டும் என்ற நிபந்தனையோடு பதிவு தொடர்ந்தது.

பின்னர் நடந்தவை

புதிய அச்சுக்கும் கடைசலுக்கும் மூன்று மாதம் காத்திருந்தோம். அந்த இடைவெளியில் மாணவி நேர்கோட்டுச் சோதனைக்கான நடைமுறையை ஆய்வகத்துக்காக எழுதினார். ஒவ்வொரு தொகுதிச் சோதனைக்கு முன்பும், பிடிப்பானைக் கழற்றி மாட்டிய ஒவ்வொரு முறையும் கேஜ் ஒட்டிய துண்டால் அளக்க வேண்டும். வளைவு 5 சதவீதத்தைத் தாண்டினால் சோதனை தொடங்கக் கூடாது. அவரும் டெக்னீஷியனும் சேர்ந்து அதை 2 சதவீதத்துக்கும் கீழே கொண்டுவந்தார்கள். முனைப் புள்ளி எந்தத் திசையில் இருக்க வேண்டும் என்பதை இனி யாருடைய கையும் தீர்மானிக்காது. முன்கூட்டியே குலுக்கல் முறையில் தயாரித்த பட்டியல்தான் தீர்மானிக்கும்.

வாராந்தரக் கூட்டத்தையும் மாற்றினோம். முதல் பத்து நிமிடம் சந்தேகங்களுக்கு மட்டும். நெறியாளர் உட்பட ஒவ்வொருவரும் தன் வேலையில் தனக்கே நம்பிக்கையில்லாத ஓர் இடத்தை எழுதிக் கொண்டுவர வேண்டும். இரண்டாம் வாரத்தில் உள்ளூர் மாணவர் ஒருவர், தன் வெப்ப அளவீடுகளில் ஒரு வரிசையை நான்கு மாதமாக நம்பவில்லை என்று சொன்னார். அவருக்கு விசா கவலை எதுவும் கிடையாது. ஆக மௌனம் வெளிநாட்டு மாணவியின் இயல்பு என்று நாங்கள் எண்ணியது தவறு. அதே மௌனத்துக்கு அவர் கொடுக்க வேண்டியிருந்த விலைதான் அதிகம்.

புதிய தரவு தெளிவாக வந்தது. விரிசல் தொடங்கிய இடங்கள் வட்டத்தைச் சுற்றிச் சிதறின. மேற்பரப்பைத் தொடும் துளைகளே பெரும்பாலும் ஆயுளைத் தீர்மானித்தன. துளையை விசைத் திசைக்குக் குறுக்காகப் படமெடுத்தால் கிடைக்கும் பரப்பின் வர்க்கமூலத்தைக் கொண்டு சோர்வு வலிமையைக் கணிக்கும் அணுகுமுறையை ஜப்பானிய அறிஞர் முரகாமி உருவாக்கியிருந்தார். மாணவியின் முடிவுகள் பெரும்பாலும் அதனோடு ஒத்துப்போயின. 900 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பத்திலும் 100 மெகாபாஸ்கல் அளவிலான அழுத்தத்திலும் சில மணி நேரம் வைத்துத் துளைகளை மூடிய துண்டுகள் தெளிவாக நீண்ட ஆயுள் காட்டின. முரகாமியின் கணிப்பிலிருந்து விலகிய சில துண்டுகள்தான் ஆய்வேட்டின் மிகச் சிறந்த அத்தியாயமாக மாறின.

இரண்டு ஆய்வுக் கட்டுரைகள் வந்தன. முதலாவது, இயந்திர வளைவு எப்படி உலோகத்தின் குணம் போல வேடம் போடும் என்பதைப் பற்றியது, அந்த 27 துண்டுகளைக் கொண்டு எழுதியது. சுருக்கமான கட்டுரைதான். ஆனால் மற்ற ஆய்வகங்களிலிருந்து மாணவிக்கு வந்த முதல் கடிதங்கள் அதைப் படித்துவிட்டு எழுதப்பட்டவை. இரண்டாவது கட்டுரை ஒருமுறை நிராகரிக்கப்பட்டது. மதிப்பீட்டாளர்களில் ஒருவர் உள்ளடக்கத்தைவிட மொழியைப் பற்றியே அதிகம் எழுதியிருந்தார். மாணவி இரண்டு நாள் அந்தக் கடிதத்தைத் திறக்கவில்லை. பிறகு ஒவ்வொரு கருத்துக்கும் பதில் எழுதி வேறோர் இதழுக்கு அனுப்பினார். அங்கே சிறு திருத்தங்களுடன் ஏற்கப்பட்டது.

ஆய்வேட்டை 53ஆம் மாதத்தில் சமர்ப்பித்தார், வாய்மொழித் தேர்வில் தேர்ச்சி பெற்றார். இப்போது ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் சோர்வுச் சோதனைப் பிரிவில் ஆய்வாளராக இருக்கிறார், இரண்டு மாணவர்களுக்கு வழிகாட்டுகிறார்.

மறுபடி நடந்தால் மாற்றுவது

ஆய்வகத்தின் பக்கம் மாற்ற வேண்டியது எளிது. பெரும்பாலானவற்றை மாற்றியும்விட்டோம். முதல் துண்டைப் பொருத்துவதற்கு முன்பே நேர்கோட்டை அளப்போம். திசையைத் தொடக்கத்திலிருந்தே குலுக்கல் முறையில் வைப்போம். புதிய மாணவரின் முதல் ஐந்து சோதனைகளின்போது நெறியாளர்களில் ஒருவர் இயந்திரத்தின் பக்கத்தில் நிற்போம். இதில் சற்றுக் கடினமானது, ஒரு விளக்கத்தை நெறியாளர் முதலில் சொல்லாமல் இருப்பது. மாணவர் தன் விளக்கத்தை எழுதி முடிக்கும் வரை நாங்கள் வாயைத் திறப்பதில்லை என்று முயன்று வருகிறோம். எல்லா வாரமும் முடிவதில்லை.

நான் திரும்பத் திரும்ப நினைத்து வருந்துவது வேறொன்று. 53 என்று ஒரு வரியில் எழுதிவிட்டேன். உதவித்தொகை 48இல் நின்றுவிட்டது. இடையில் இருந்த ஐந்து மாதங்களில் மாணவி பகுதிநேர ஆய்வு உதவியாளராக வேலை பார்த்தார், தங்கும் இடத்தை இரண்டு முறை மாற்றினார், விசா நீட்டிப்புக்கான கடிதம் வரும் வரை ஒவ்வொரு வாரமும் அலுவலகத்துக்கு நடந்தார். ஆய்வேட்டின் கடைசி இரண்டு அத்தியாயங்கள் அந்த நிலையில் எழுதப்பட்டவை. எட்டு மாதச் சோதனை வீணாகிவிட்டது என்பது எங்களுக்கு 10ஆம் மாதத்திலேயே தெரியும். அது ஆய்வகத்தின் இயந்திரத்தால் நேர்ந்தது என்பதும் எழுத்தில் இருந்தது. நீட்டிப்புக்கு அன்றே விண்ணப்பித்திருந்தால் காரணம் புதிதாகவும் தெளிவாகவும் இருந்திருக்கும். நாங்கள் 44ஆம் மாதத்தில் விண்ணப்பித்தோம். "மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய காரணத்தை இப்போது ஏன் சொல்கிறீர்கள்?" என்று அலுவலகம் கேட்டது. நியாயமான கேள்வி, எங்களிடம் பதில் இல்லை.

இப்போது ஆய்வகத்தால் ஒரு மாணவருக்கு நான்கு வாரத்துக்கு மேல் இழப்பு ஏற்பட்டால், அந்த வாரமே ஒரு பக்கக் கடிதம் எழுதி, நெறியாளர் கையெழுத்திட்டு, நிதி அலுவலகத்தின் கோப்பில் சேர்த்துவிடுகிறோம். முதல் கடிதத்தின் வாசகத்தை எழுதித் தந்தவர் அந்த மாணவிதான். அப்போது அவர் ஆய்வகத்தை விட்டுப் போய் ஆறு மாதம் ஆகியிருந்தது.